'மும்பையின் மொழி' எது? நகைச்சுவைத் தொடரின் ஒரு காட்சியும் நேயர் கருத்துகளும்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நேயர்கள் கூறும் கருத்துகளை மொழியியலார் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அவை உடனடி உணர்ச்சியின் வெளிப்பாடுகள், இன்று தோன்றி நாளை மறைபவை என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு தொடர் மொழியையே காட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதனை ஒட்டி நேயரும் அரசியல் கட்சியினரும் தயாரிப்பாளரும் மொழி குறித்துப் பேச நேரும்போது, அப்பேச்சு மொழி மனப்பான்மை ஆய்விற்குரிய தரவாகிவிடுகிறது. 2020 மார்ச் முதல் வாரத்தில் சோனி சப் தொலைக்காட்சியின் 'தாரக் மேத்தா கா உல்ட்டா சஷ்மா' என்னும் இந்தி நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதி அத்தகைய தரவை வழங்கியது. அப்பகுதியையும் அதற்கு எழுந்த கருத்துகளையும் மும்பையின் தாராவிப் பகுதியில் வாழும் தமிழர் நிலையில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் பணியாகும். தமிழர் நிலையில் நிற்பதற்குக் காரணம் உண்டு. அக்காட்சியில் தமிழ் என்னும் சொல் இடம்பெறுகிறது. அதன்மேல் எழுந்த விவாதத்தில் அச்சொல்லைப் பொருட்படுத்தியவர், இக்கட்டுரையாளர் கண்டவரையில், மிகச் சிலரே.

காட்சியும் எதிர்வினையும்

தொடர் 2008 ஜூலை 28 அன்று தொடங்கியது. தாரக் மேத்தா 1971 முதல் 'சித்ரலேகா' என்னும் குஜராத்தி வார இதழில் எழுதி வந்த நகைச்சுவைப் பத்தியே இதற்கு மூலம். வார நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடராதலின் இதற்குப் பருவம், பருவத்தின் நடுப்பகுதி என்னும் பகுப்புகள் இல்லை. நாம் கருதும் பகுதி ஒளிபரப்பானபோது மொத்த எண்ணிக்கை மூவாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கதைக்களம் மும்பைப் புறநகர் கோரேகாவில் உள்ள 'கோகுல்தாம்' என்னும் கற்பனைக் குடியிருப்பு. குஜராத்தியர், மராத்தியர், பஞ்சாபியர், வங்காளியர், தமிழர் எனப் பல மொழியினர் அங்கே ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்கின்றனர். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகிய பிடே மாஸ்தர் நாள்தோறும் பலகையில் ஒரு நல்லுரை எழுதுவது தொடரின் நிலையான காட்சிகளுள் ஒன்று.

அந்நல்லுரை எம்மொழியில் அமைய வேண்டும் என்பது பற்றிய பேச்சில், குடியிருப்பின் முதியவரும் குஜராத்தியருமாகிய சம்பக்லால் தீர்ப்பு வழங்குகிறார். அவர் கூற்றின் சாரம் வருமாறு: நம் குடியிருப்பு மும்பையில் இருக்கிறது, மும்பையின் மொழி இந்தி, ஆகவே இந்தியில் எழுதுகிறோம். சென்னையில் இருந்திருந்தால் தமிழில் எழுதியிருப்போம். அமெரிக்காவில் இருந்திருந்தால் ஆங்கிலத்தில் எழுதியிருப்போம்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையின் திரைத்துறைப் பிரிவுத் தலைவர் அமேய கோப்கர் கடுமையாகக் கண்டித்தார். தயாரிப்பாளர் அசித் குமார் மோடி விளக்கம் வெளியிட்டார். மும்பை மகாராஷ்டிரத்தில் உள்ளது, மகாராஷ்டிரத்தின் ஆட்சிமொழி மராத்தி, அதில் ஐயமில்லை. தாம் இந்தியர், மகாராஷ்டிரர், குஜராத்தியரும் ஆவர். எல்லா இந்திய மொழிகளையும் மதிப்பவர் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. சம்பக்லாலாக நடித்த அமித் பட்டும் வருத்தம் தெரிவித்தார். செய்தி ஒரு வாரத்திற்குள் ஓய்ந்தது. அம்மாத இறுதியில் ஊரடங்கு வந்து தொடரின் படப்பிடிப்பே நின்றது.

இடைப்பட்ட சில நாள்களில் நேயர் கூறிய கருத்துகளைப் பொதுவாக மூன்று போக்குகளில் அடக்கலாம். மாநிலத்தின் மொழி மராத்தியாக இருக்க, தலைநகரின் மொழி இந்தி என்பது அவமதிப்பு என்றனர் ஒரு சாரார். மும்பைத் தெருவில் யாவரும் யாவரோடும் இந்தியில்தானே பேசுகின்றனர், உள்ளதைச் சொன்னால் குற்றமா என்றனர் மற்றொரு சாரார். நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார்க்கத் தெரியவில்லையே என்று வருந்தினர் எஞ்சியோர். மூன்றாம் சாராரைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. சம்பக்லால் அக்காட்சியில் நகைச்சுவை எதுவும் செய்யவில்லை. பிறர் சண்டையிடும்போது பெரியவர் வந்து உண்மையுரைப்பது இத்தொடரின் வாய்பாடு. அவ்விடத்தில் சிரிப்பொலி அடங்கி அறவுரை தொடங்கிவிடும். நேயர் அதனை மெய்யுரையாகக் கொண்டதில் பிழையில்லை.

ஆறாம் வேற்றுமைச் சிக்கல்

முதலிரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினும், உண்மையில் அவர்கள் ஒரே தொடருக்கு இரு வேறு பொருள் கொண்டு வழக்காடினர். இந்தியின் 'கீ' உருபு தமிழ் ஆறாம் வேற்றுமைக்கு நிகரானது. ஆறாம் வேற்றுமைக் கிழமைப்பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என நம் இலக்கணிகள் பகுத்துள்ளனர். சாத்தனது கை என்பதில் கை சாத்தனிடமிருந்து பிரிக்கலாகாதது. சாத்தனது வீடு என்பதில் வீடு சாத்தனின் வேறானது, கைமாறக் கூடியது. மராத்தியர் 'மும்பையின் மொழி' என்பதைத் தற்கிழமையாகக் கேட்டனர். அவர்களுக்கு மராத்தி மும்பையின் உறுப்பு. மொழிவழி மாநிலக் கோரிக்கையில் 100க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்து, 1960 மே 1 அன்று மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் அமைந்த வரலாறு அக்கேள்வியின் பின்னால் நிற்கிறது. மும்பை யாருக்கு என்னும் வினாவும் மும்பையின் மொழி எது என்னும் வினாவும் அவ்வரலாற்றில் ஒன்றே. உறுப்பை வெட்டி வேறோர் உறுப்பை ஒட்டினாற்போல அவர்களுக்குச் சம்பக்லாலின் கூற்று ஒலித்தது.

சம்பக்லால் கொண்ட பொருளோ வேறு. தொல்காப்பியம் ஆறாம் வேற்றுமையுள் வாழ்ச்சிக் கிழமை என ஒன்றைச் சுட்டி, உறையும் நிலத்தைக் குறிக்கும்போது அதனிடத்தில் ஏழாம் வேற்றுமையும் வரும் என விதிக்கிறது. காட்டினது யானை எனினும் காட்டின்கண் யானை எனினும் பொருள் ஒன்றே என்பது உரையாளர் காட்டும் வழி. யானை காட்டில் வாழ்கிறது, அவ்வளவே. அதனால் காடு யானைக்கோ யானை காட்டிற்கோ உடைமையாகிவிடாது. சம்பக்லால் சொன்னது இவ்வாழ்ச்சிக் கிழமை. மும்பையின்கண் வழங்கும் பொது மொழி இந்தி என்பதே அவர் கருதியது. அவர் தந்த அமெரிக்க எடுத்துக்காட்டு இதனை உறுதிப்படுத்துகிறது. 2020இல் அமெரிக்க நடுவணரசிற்குச் சட்டப்படியான ஆட்சிமொழி கிடையாது. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த ஆணை 2025 மார்ச் 1 அன்றுதான் வந்தது. எனவே சட்டத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவ்வெடுத்துக்காட்டே பொருந்தாது. அவர் அளவுகோல் வழக்கு. கண்டித்தவர் அளவுகோல் உரிமை.

தயாரிப்பாளரின் விளக்கம் இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது ஒன்றைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. மகாராஷ்டிர ஆட்சிமொழிச் சட்டம் 1964 அரசுப் பணிகளின் மொழியைக் கூறுவது. ஒரு தனியார் குடியிருப்பின் பலகையில் நல்லுரை எழுதுவதற்கும் அச்சட்டத்திற்கும் தொடர்பில்லை. வழக்கு பற்றிய கூற்றுக்கு உரிமை பற்றிய கண்டனம், உரிமை பற்றிய கண்டனத்திற்குச் சட்டம் பற்றிய விளக்கம் என மூன்று தளங்களில் பேச்சு நடந்தது. ஆட்சிமொழி என்னும் சொல் வந்தவுடன் அனைவரும் அமைதியடைந்தனர். அச்சொல்லுக்கு இந்தியாவில் உள்ள மந்திர ஆற்றல் தனியே ஆராயத்தக்கது.

வழக்கு என்னும் அளவுகோலைக் கொண்டாலும் விடை எளிதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மும்பையின் இரு மாவட்டங்களிலும் சேர்த்து 1.24 கோடி மக்களுள் மராத்தியைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 44 இலட்சம். இந்தியைக் குறித்தோர் ஏறத்தாழ 36 இலட்சம். 2001இல் இவ்வெண்கள் முறையே 45, 26 இலட்சம் அளவில் இருந்தன. இந்தி என்னும் தலைப்பில் போஜ்புரி முதலியவற்றையும் கணக்கெடுப்பு அடக்கிவிடுவதையும் மறத்தலாகாது. எம்மொழியும் பாதியை எட்டவில்லை. தாய்மொழி எண்ணிக்கையைக் கொண்டு தொடர்பு மொழியை அளக்கவும் இயலாது. தாராவியில் தமிழ் பேசும் தோல் தொழிலாளி குஜராத்தி பேசும் குயவரிடம் எம்மொழியில் பேசுகிறார் என்பதற்குக் கணக்கெடுப்புப் படிவத்தில் இடமில்லை.

ஐயரும் தாராவியும்

சம்பக்லாலின் கூற்றில் மூன்று ஊர்கள், மூன்று மொழிகள். மும்பை என்றால் இந்தி, சென்னை என்றால் தமிழ், அமெரிக்கா என்றால் ஆங்கிலம். முதல் இணையின்மேல் மட்டுமே வழக்கெழுந்தது. இரண்டாவது இணை யாவராலும் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நோக்குவார்க்கு அது பாராட்டாகவும் தோன்றக்கூடும். சென்னையில் தமிழ்தான் என்று ஓர் இந்தித் தொடர் ஒப்புக்கொள்வது சிறிய செய்தியன்று. ஆனால் தாராவியிலிருந்து கேட்பார்க்கு அவ்விணையின் மறுபக்கம் ஒலிக்கிறது. தமிழின் இடம் சென்னை எனின், தமிழின் இடம் மும்பையன்று என்பதும் உடன் பெறப்படும். கோகுல்தாமிலேயே ஒரு தமிழர் குடியிருக்கிறார் என்பது அவ்வமயம் எவர்க்கும் நினைவில் இல்லை.

அத்தமிழர் கிருஷ்ணன் ஐயர். அறிவியலாளர். தனுஜ் மகாஷப்தே என்னும் தமிழரல்லாத நடிகர் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். இந்திக் காட்சி ஊடகத்தில் தமிழர் என்றால் ஐயர் என்பது நெடுநாள் மரபு. 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் ஏற்ற பாட்டு வாத்தியாருக்குப் பிள்ளை என்று பெயர். அது சற்று விதிவிலக்கு. 'அக்னிபத்' (1990) படத்தில் மிதுன் சக்ரவர்த்தி இளநீர் விற்கும் தமிழராக வருகிறார். அவர் பெயரும் கிருஷ்ணன் ஐயர், அதோடு எம்.ஏ. பட்டமும் உண்டு. மும்பைத் தெருவில் இளநீர் விற்கும் தமிழனுக்கும் ஐயர் பட்டம் சூட்டுமளவிற்கு அம்மரபு வலிமை பெற்றிருந்தது. இதன் வேர் மாட்டுங்காவில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலுவலக வேலைகளுக்கு வந்த தமிழ்ப் பிராமணர் மாட்டுங்காவில் நிலைகொண்டனர்; 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது; பிற்காலத்தில் செம்பூருக்கும் பரவினர். மும்பையின் எழுத்தாளரும் நடிகரும் அலுவலகங்களில் கண்ட தமிழர் இவர்களே.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே சென்றுவிடலாம். தாராவித் தமிழரின் வரலாறோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து இசுலாமியரும் ஆதிதிராவிடரும் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தனர்; பின்னர் வேறு தொழில்களுக்கும் வந்தனர். அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் தொடக்கம் 1887. கணேசர் கோயில் 1913. மகாராஷ்டிரம் என்னும் மாநிலம் தோன்றுவதற்கு முன்பே மூன்று தலைமுறைத் தமிழ் அங்கே வழங்கியிருக்கிறது. இத்தமிழர் இந்தித் தொடர்களில் அரிதாகவே தோன்றுவர். 'நாயகன்' (1987), 'காலா' (2018) ஆகிய தமிழ்ப் படங்களே அவர்களைக் களமாகக் கொண்டன.

ஐயர் பேசும் இந்தியைக் குறித்து மொழியியல் நோக்கில் ஒன்று சொல்ல வேண்டும். பால் இயைபு பிறழ்தல், மூச்சொலிகள் நெகிழ்தல், எதற்கெடுத்தாலும் 'ஐயோ' என்றல் ஆகியன அவர் பேச்சிற்குரிய அடையாளங்களாகத் தரப்படுகின்றன. பால் இயைபு நெகிழ்வது தமிழர்க்கு மட்டும் உரிய பிழையன்று. மும்பைத் தெரு இந்தியின் பொதுப் பண்பு அது. 'முஜே' என்னுமிடத்து 'மேரேக்கோ' என்பதும், போக வேண்டும் என்பதற்கு 'ஜானே கா ஹை' என்பதும் பிஹாரியும் மராத்தியரும் குஜராத்தியரும் ஒருங்கே பேசும் வழக்கு. தொடர் அப்பொது வழக்கை எல்லாப் பாத்திரங்களிடமிருந்தும் களைந்து செந்தரமாக்கிவிட்டு, அதன் எச்சத்தை ஐயர்மீது மட்டும் ஏற்றி நகைக்கிறது. மும்பை இந்தியைத்தான் மும்பையின் மொழி என்று சம்பக்லால் கருதினாரெனில், கோகுல்தாமில் அதற்கு மிக அருகில் பேசுபவர் ஐயரே. பிற மொழிகளின் கதியும் இதைவிட மேலன்று. குஜராத்திப் பெண் தன் தெய்வத்தை அழைக்கும் விளியிலும், பஞ்சாபியர் உரத்த வியப்பொலியிலும் தத்தம் மொழியைக் காட்டி முடித்துக்கொள்கின்றனர். பல மொழிக் குடியிருப்பு என்று பெயர் பெற்ற இடத்தில் மொழிகள் யாவும் வியப்பிடைச் சொற்களாகச் சுருங்கிவிட்டன. நல்லுரைப் பலகை அங்கே இந்தியில் இருப்பதில் வியப்பில்லை. மற்றவற்றில் எழுதுவதற்கு எவரிடமும் முழு வாக்கியம் மிஞ்சவில்லை.

தாராவியில் பிறந்து வளர்ந்த நடுவயதுப் பெண்மணி ஒருவரோடு இக்காட்சி பற்றி உரையாட இக்கட்டுரையாளர்க்கு வாய்ப்புக் கிடைத்தது. இதனைக் கள ஆய்வு என்று கொள்ள வேண்டா. அவர் தொடரைத் தவறாது பார்ப்பவர். ஐயர் பாத்திரத்தின்மீது அவருக்கு வருத்தமொன்றுமில்லை. மராத்தியர் சினந்ததில் நியாயம் உண்டு என்றும் கருதினார். அவரைச் சிரிக்க வைத்தது சென்னை என்னும் சொல். அவர் சென்னையைக் கண்டதேயில்லை. அவர் குடும்பத்திற்கு 'ஊர்' என்பது திருநெல்வேலிக்கு அருகிலுள்ள சிற்றூர். தாராவி 'நம்ம ஏரியா'. வீட்டை 'கோலி' என்றும் தெருமுனையை 'நாக்கா' என்றும் சந்தைக் 'கல்லி' என்றும் சொல்லும் அவர் தமிழைச் சென்னையில் பேசினால் அங்குள்ளோர்க்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

'ஊர்' என்னும் இச்சொல்லாட்சி கருதத்தக்கது. தாராவித் தமிழில் ஊர் என்பது எப்போதும் வேறிடத்தில் உள்ளது. பிறந்தது தாராவியானாலும் 'ஊருக்குப் போவது' தெற்கே போவதுதான். இது தமிழர்க்கு மட்டும் உரிய மனநிலை எனின் தவறு. கொங்கணத்திலிருந்து வந்த மராத்தியரும் தம் பூர்வீகத்தைக் 'காவ்' என்பர். விநாயகர் சதுர்த்திக்குக் 'காவ்' போவர். இரத்தினகிரிக்காரராகிய பிடே மாஸ்தருக்கும் ஊர் மும்பையன்று. வாழும் இடம் ஒன்று, ஊர் மற்றொன்று என்னும் இரட்டை நிலை மும்பையின் உழைக்கும் மக்கள் அனைவர்க்கும் பொது. அவ்வாறிருக்க, ஓரிடத்திற்கு ஒரு மொழி என்னும் கணக்கு யாருடைய வாழ்வையும் ஒட்டி எழுந்ததன்று.

இவ்விடத்தில்தான் அக்காட்சியின்மீது இக்கட்டுரையாளர்க்கு உள்ள முதன்மைக் குறை அமைகிறது. இந்தி எனச் சொன்னதில் அன்று. ஓரிடத்திற்கு ஒரு மொழி என்னும் வாய்பாட்டை ஐயமற்ற உண்மையாகப் பெரியவர் வாயில் வைத்ததில். கண்டித்தவரும் அவ்வாய்பாட்டை அப்படியே ஏற்றனர். அதனுள் இட்ட சொல்லை மட்டும் மாற்றக் கோரினர். இந்தி எனும் இடத்தில் மராத்தி வந்தால் வழக்குத் தீர்ந்தது. 'சென்னையென்றால் தமிழ்' என்பது இரு தரப்பினர்க்கும் சான்றாகப் பயன்பட்டது. சென்னையில் தமிழில் எழுதுவோம் என்கிறீர்களே, மும்பையில் மட்டும் ஏன் மராத்தி கூடாது என்று கேட்டோரும் உண்டு. தருக்கம் சரியானது. அத்தருக்கத்தில் தாராவித் தமிழ் இரு முறை காணாமற் போகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பெற்ற காலத்தில் அதன் முதல் இலக்குத் தென்னிந்தியர். அலுவலக வேலைகளைக் குறித்து எழுந்த அவ்வியக்கம் லுங்கியையும் இலக்காக்கியது. மாட்டுங்காவின் அச்சத்தைத் தாராவியும் பகிர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்பு உச்சத்தை அடைந்த 1965ஐ அடுத்த ஆண்டு அது. ஒரே பத்தாண்டில் ஒரே மொழியினர் ஓரிடத்தில் மொழியுரிமை கேட்போராகவும் மற்றோரிடத்தில் பிறர் மொழியுரிமையின் எதிரிகளாகவும் நின்றனர். 2025 ஏப்ரலில் மகாராஷ்டிர அரசு தொடக்க வகுப்புகளில் இந்தியைக் கட்டாய மூன்றாம் மொழியாக்கி, எதிர்ப்பின்பின் ஜூன் 29 அன்று ஆணையைத் திரும்பப் பெற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து மராத்தியர்க்கு வாழ்த்துகள் சென்றன. அவ்வாழ்த்தில் பொருள் உண்டு. ஆயினும் தாராவியிலிருப்போர் அதனைச் சற்றுத் தயக்கத்தோடுதான் கேட்டிருப்பர். அவர்களுக்கு இந்தி அன்றாடப் பிழைப்பின் மொழி. மராத்தி அரசின் மொழி. தமிழ் வீட்டின் மொழி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் மொழி. ஒன்றை எதிரியாக்கி மற்றொன்றைக் காக்கும் வசதி அவர்களிடம் இல்லை.

பலகையைப் பற்றிய வினாவும் கற்பனைக் குடியிருப்போடு நிற்கவில்லை. 2022இல் மகாராஷ்டிரம் சட்டத்தைத் திருத்திச் சிறு கடைகளும் தேவநாகரி எழுத்தில் மராத்திப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும், பிற எழுத்து அதனினும் பெரிதாகலாகாது என்றது; 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வணிகர்களுக்கு இரு மாத அவகாசம் தந்தது. சட்டம் பிற மொழியை விலக்கவில்லை. தாராவித் தெருக்களில் மராத்தியும் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் உருதும் ஒரே பலகையில் இடம் பங்கிட்டுக்கொள்வதை எவரும் காணலாம். எழுத்து வடிவங்கள் நெருக்கியடித்து நிற்கும், பிழைகளும் இருக்கும். பிடே மாஸ்தரின் பலகை அளவில் அவற்றினும் பெரியது. அதில் இரண்டு வரி எழுத இடமில்லாமற் போகவில்லை.

நாம், நாங்கள்

மொழிபெயர்ப்பாளர்க்கு இக்காட்சியில் இன்னொரு வேலை உண்டு. 'நம் குடியிருப்பு', 'எழுதுகிறோம்' என்று மேலே சாரம் தந்தபோது இக்கட்டுரையாளர் ஒரு முடிவை எடுத்தாகிவிட்டது. இந்தியின் 'ஹம்' முன்னிலையாரை உளப்படுத்துமா, விலக்குமா என்பதைக் காட்டாது. தமிழ் 'நாம்', 'நாங்கள்' எனப் பிரிக்கும். மராத்தி 'ஆபண்', 'ஆம்ஹீ' எனப் பிரிக்கும். சம்பக்லாலின் தாய்மொழியாகிய குஜராத்தியும் 'ஆப்பணே', 'அமே' எனப் பிரிக்கும். மும்பையில் மோதிய மொழிகளுள் இவ்வேறுபாடு இல்லாதது செந்தர இந்தி ஒன்றே. அதிலேயே காட்சி எழுதப்பட்டது.

'நாம் இந்தியில் எழுதுகிறோம்' என்று பெயர்த்தால், கேட்டுக்கொண்டிருக்கும் பிடே மாஸ்தரும் ஐயரும் அதனுள் அடங்குவர். இது குடியிருப்பினர் அனைவரின் உடன்பாடு. 'நாங்கள் இந்தியில் எழுதுகிறோம்' என்று பெயர்த்தால், பின்னர் வந்து குடியேறிய ஒருவரிடம் உள்ளூர்க்காரர் விதி சொல்வது போலாகும். சம்பக்லால் கருதியது முன்னது என்பதில் ஐயமில்லை. கண்டித்தோர் கேட்டது பின்னது. மராத்தியல்லாத ஒருவர் மும்பையைத் தமதெனக் கொண்டு மராத்தியர்க்கு மொழி சொல்கிறார் என்று அவர்கள் கேட்டனர். தயாரிப்பாளரின் விளக்கத்தில் 'நம் மகாராஷ்டிரம்' என்னும் பொருளில் ஒரு தொடர் வருகிறது. அதிலும் இதே மயக்கம் உண்டு, அங்கே அது அவருக்கு உதவியது.

இத்தொடருக்கு 'கோகுல்தாம்ச்சி துனியாதாரி' என்னும் பெயரில் மராத்தி ஒலிமாற்றம் உள்ளது. அவ்வடிவத்திற்கு இக்காட்சி செல்லுமாயின் பாத்திரங்கள் அனைவரும் மராத்தியில் பேசிக்கொண்டே தாங்கள் பேசுவது இந்தி என்று கூற நேரும். அங்கே வாக்கியத்தைப் பெயர்க்க இயலாது. காட்சியைத்தான் மாற்ற வேண்டும். தமிழில் ஒலிமாற்றம் செய்வார்க்குச் சென்னை குறித்த வரியும் சிக்கலாகும்; ஏற்கெனவே தமிழில் பேசிக்கொண்டிருப்போர் சென்னையில் இருந்திருந்தால் தமிழில் எழுதுவோம் என்பது கேட்பார்க்கு வேடிக்கையாகிவிடும். துணையுரை எழுதுவாரின் பணி இதனினும் எளிது. இக்கட்டுரையாளர் அதனைச் செய்ய நேரின் ஆறாம் உருபைத் தவிர்த்து ஏழாம் உருபைக் கொள்வார்: 'மும்பையில் எல்லாருக்கும் புரிவது இந்தி, அதனால்தான் நாம் இந்தியில் எழுதுகிறோம்.' உரிமை பற்றிய கூற்று இதில் இல்லை. 'சென்னையில் இருந்திருந்தால்' என்னும் அடுத்த வரியை மாற்ற உரிமையில்லையாதலின் அதனை அவ்வாறே விட வேண்டியதுதான். தாராவியில் அதைப் படிப்பவர் சிரிப்பார்.